சிமென்ட் தரையில் வைக்க நினைத்த செடிகள்

தெருமுனையில் இரும்பு உருளும் சத்தம் கேட்டபோது நான் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி பஸ்கள் வராத நாள் என்பதால் தெருவில் வேறு சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தேன். என் கொழுந்தன் செந்தூர்பாண்டி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய இரும்பு டிரம் ஒன்றைப் படுக்கப் போட்டுக் காலால் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டு வந்தான். சரளைக்கல் ரோடு. ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கி அது டங் டங் என்றது. பின்னாலேயே இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன.

“மதினி, கேட்டத் தெறங்க. ஒங்க தோட்டம் வந்துட்டு” என்றான்.

வியர்வையில் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த முகத்தை அப்படி நான் பார்த்த கடைசி நாள் அது.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதில் எங்கள் வீட்டு அவரைப் பந்தலைப் பற்றி ஒரு வரி வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வாசகி ஒருவர், ‘உங்களுக்குத் தோட்டம் போடும் ஆசை எப்போது வந்தது?’ என்று கேட்டிருக்கிறார். சாதாரணமான கேள்வி. ஒரு நாள் முழுக்கப் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வரிசை வீடு

எங்களுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். கல்யாணமான கையோடு என்னை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என் வீட்டுக்காரர் சண்முகவேல். கார் கம்பெனிக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. அவருடைய தம்பி செந்தூர்பாண்டிக்கு வேறொரு ஷெட்டில் வெல்டிங். இரண்டு பேரையும் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டர் ஒருவர்தான். அவர் நினைத்தால் இருவருக்கும் வேலை உண்டு, நினைக்காவிட்டால் இருவருக்கும் இல்லை.

வல்லம் தாண்டி ஒரகடம் போகும் வழியில் வீடு. வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மேடை. அதேபோல வரிசையாகச் சில அறைகள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்னால் எல்லோருக்கும் பொதுவாக நீளமான முற்றம், சுவரிலிருந்து சுவர் வரைக்கும் சிமென்ட். ஒரு புல் முளைக்க இடம் கிடையாது.

வீட்டு ஓனரம்மாவின் பெயர் பூங்காவனம். அந்தப் பெயரோடு அந்த முற்றத்தில் அவர் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வந்த புதிதில், ஓரமாக ஒரு முழத்துக்கு மட்டும் சிமென்ட்டை உடைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“இன்னாம்மா, வந்து நாலு நாள் ஆவல, தரையை ஒடைக்கிறேன்றே? அதெல்லாம் வோணாம். தரையில கைய வெச்சே, வூட்டைக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு.”

உடைக்கும் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் மண் இல்லாத ஊரும் இல்லை அது. வயல்களையெல்லாம் கம்பெனிகளுக்காகச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேல்மண்ணை வழித்து ரோட்டோரம் குன்று குன்றாகக் கொட்டியிருந்தார்கள். மழை பெய்தால் நல்ல வண்டல் வாசனை ஜன்னல் வழியாக வரும். செந்தூர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு சிமென்ட் சாக்கில் அதை அள்ளி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வருவான்.

ஒருநாள் பூங்காவனம்மா அந்தச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

“எங்கேந்து அள்ளினு வந்தே?”

“அந்தா, கிரேன் நிக்குல்லா, அதுக்குப் பக்கத்துல.”

“அப்போ எங்க மண்ணா இருந்தாலும் இருக்கும்” என்றார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து வந்த பணத்தில்தான் இந்த வரிசை வீட்டைக் கட்டினார் என்று பிறகு தெரிந்தது.

காலண்டர் தாள்

கிழித்துப் போட்ட மாதக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். என்னென்ன வைக்க வேண்டும் என்று. அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தேன். எண்ணெய்ப் புகை பட்டு ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

முதலில் சிறுகீரை, அரைக்கீரை. நான் அப்போது உண்டாகியிருந்தேன். எதைப் பார்த்தாலும் குமட்டும், கீரை மட்டும் இறங்கும். ஆனால் தள்ளுவண்டியில் வரும் கீரை மத்தியானத்துக்குள் வாடிவிடும். பிறகு வெண்டை, கொத்தவரை, நீளப் பாகல். சட்டென்று கிள்ளிப் போட ஒரு கறிவேப்பிலைக் கன்று. பந்தல் போட்டு அவரை. கனகாம்பரம். பிச்சிப்பூ. அந்தப் பக்கத்துப் பூக்காரிகளிடம் பிச்சி என்று கேட்டால் விழிப்பார்கள், அதனாலேயே அதற்கு அடியில் ஒரு கோடு போட்டிருந்தேன்.

விதைகளைச் சேர்ப்பது செந்தூரின் வேலை. கேன்டீனில் காய் நறுக்கும் அக்காவிடம் கேட்டுப் பழுத்த மிளகாய், முற்றிய கத்திரிக்காய் என்று வாங்கி வருவான். விதையை எடுத்து நான் சாம்பலில் புரட்டிக் காய வைப்பேன். அவரை விதைக்காகக் குன்றத்தூர் வரைக்கும் போனான். கோயிலுக்குப் போனதாக அண்ணனிடம் சொன்னான். நெற்றியில் விபூதியும் இருந்தது, பொய் என்று சொல்ல முடியாது.

அந்தத் தாளில் அவனும் ஒன்று எழுதினான். தர்பூசணி.

“தம்பி, இதுக்கு எங்க போக? கொடி ஓட எடம் வேண்டாமா?”

“ஷீட்டு மேல ஏத்தி விடுவோம் மதினி. அது பாட்டுக்கு மேல காய்க்கட்டும். உருண்டு விழுந்தா ஓனரம்மா தலையில விழட்டும்.”

என் வீட்டுக்காரர் இவர், அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது தாளின் கடைசியில் இவருடைய கையெழுத்தில் ‘மருதாணி’ என்று இருந்தது.

“இது யாருக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கா வைக்கப்போறேன்?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

எண்ணெய் டின்னில் சிறுகீரை வந்தது. உடைந்த வாளியில் மிளகாய் வந்தது. பெயின்ட் டப்பாவில் வைத்த பாகல் மட்டும் இரண்டு இலை விட்டு நின்றுவிட்டது. ‘வேர் போக ஆழம் வேணும் மதினி, பெரிய தொட்டிதான் சரிப்படும்’ என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அப்படித்தான் அந்த டிரம் வந்தது.

முற்றத்தில்

“எங்க எடுத்த?” என்று இவர் கேட்டார்.

“எங்க ஸ்டோருக்குப் பின்னாடி கெடந்துச்சுண்ணே. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். காலி டிரம்தான, எடுத்துட்டுப் போன்னுட்டாரு. நெட்டுவாக்குல ரெண்டா அறுத்தா ரெண்டு தொட்டி. ஒண்ணுல கீரை, ஒண்ணுல அவரை.”

தின்னர் வந்த டிரம். பெயின்டில் கலப்பார்களே, அது. மூடியைத் திறந்ததும் வாடை மூக்கில் ஏறியது. சோப்புத்தூள் போட்டுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டிக் கழுவினார்கள். வெயிலில் போட்டு வைத்தார்கள்.

“வாடை போகலியே தம்பி” என்றேன்.

“அறுத்துக் காயப் போட்டா போயிரும் மதினி.”

சாப்பிட்டுவிட்டு இவர் உள்ளே படுத்தார். செந்தூர் ஷெட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த கட்டிங் மெஷினை ஓனரம்மா வீட்டுப் பிளக்கில் செருகினான். தினமும் இரும்போடு கிடப்பவன். டிரம்மின் வாயைத் திறந்துதான் வைத்திருந்தான். அது போதும் என்று நினைத்துவிட்டான். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்து, உள்ளே தங்கின ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல வருஷம் கழித்து யாரோ எனக்குச் சொன்னார்கள்.

“மதினி, குடிக்கத் தண்ணி தாங்க” என்று கேட்டான். செம்பை எடுக்க உள்ளே திரும்பினேன்.

மெஷின் சத்தம் கேட்டது. உடனே வேறொரு சத்தம். அதை நான் காதால் கேட்டதாகவே ஞாபகம் இல்லை, நெஞ்சில் அடித்ததுபோலத்தான் இருந்தது. தலைக்கு மேலே ஷீட் பிளந்து தூள் கொட்டியது. இவர் எழுந்து என்னைச் சுவரோடு தள்ளினார்.

வெளியே வந்தபோது டிரம்மின் ஒரு பக்கத் தகடு காணாமல் போயிருந்தது. அது சுவர் தாண்டிப் பறந்து பக்கத்துக் காலி மனையில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம். செந்தூர் சிமென்ட் தரையில் சம்மணம் போட்டதுபோல உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அவன் சாதாரணக் குரலில் கேட்டான்:

“கரண்ட் போயிட்டா மதினி?”

நடுப்பகல். திறந்த முற்றம். தரையில் கால் வைக்க முடியாத வெயில்.

தீக்காய வார்டு

பூங்காவனம்மாதான் ரோட்டில் போய் நின்று, கையை விரித்து, ஒரு பால் வேனை மறித்தார். பட்டணத்து ஆஸ்பத்திரிவரைக்கும் செந்தூர் ஒரு வார்த்தை கத்தவில்லை. இவருடைய கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தான்.

உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துப் பேசினார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஊரிலிருந்து மாமியார் வந்தார். நேராக வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. அடுப்புக்கு மேலே இருந்த காலண்டர் தாளைப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர். இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“செடி வைக்கியளோ செடி! எம் பிள்ளை கண்ணுல வச்சிட்டியே செடிய!” என்றார். தாளை ஆணியோடு பிடுங்கி அடுப்பில் போட்டார். நான் தடுக்கவில்லை. அவர் அழுதபோது அவரைப் பிடித்துக்கொண்டதும் நான்தான், அங்கே வேறு யாரும் இல்லை.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, கான்ட்ராக்டரின் ஆள், செந்தூர் வேலை பார்த்த ஷெட்டின் சூப்பர்வைசர், வார்டுக்கு வந்தார். ஆப்பிள் பையும் செல்போனுமாக வந்தார். இவரைக் கட்டில் பக்கத்திலேயே நிறுத்திவைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“பாருங்க சண்முகம், போலீஸ் வந்து கேப்பாங்க. டிரம்மைக் காயலாங்கடைல வாங்குனோம்னு சொல்லிடுங்க. எல்லாருக்கும் நல்லது.”

“அவன் ஸ்டோர்ல எடுத்ததா சொன்னான் சார்.”

“ஸ்டோர்ல எடுத்ததுன்னு சொன்னா என்ன ஆகும்? கேட் பாஸ் இல்ல. திருட்டு கேஸாயிடும். கண்ணும் போய், பையன் திருடன்னு பேரும் வேணுமா? நாளைக்கு உங்க வேலையும் இருக்கணும்ல? வீட்ல வேற மாசமா இருக்காங்க.”

கட்டிலில் இருந்து குரல் வந்தது. கட்டுப் போட்டிருந்ததால் வாய் அசைவதுகூடத் தெரியவில்லை.

“சார், நீங்கதான எடுத்துட்டுப் போன்னு சொன்னீய?”

சூப்பர்வைசர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவன் தூங்குகிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

“பாவம், மருந்து மயக்கத்துல பேசுறான்” என்று இவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் போலீஸ்காரர் வந்தார். வராண்டாவில் வைத்து இவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, கட்டில் அருகில் நின்று, வழக்கப்படி உரக்கப் படித்தார். டிரம் பழைய இரும்புக் கடையில் வாங்கப்பட்டது, வாங்கியதும் அறுத்ததும் அவனுடைய சொந்த விருப்பம், அவன் வேலை செய்த இடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

“அண்ணே” என்றான் செந்தூர். “நீ கையெழுத்துப் போட்டியா?”

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே.”

இவர் என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவன் இவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. ஊருக்குப் புறப்படும் வரைக்கும் என்னோடும் அம்மாவோடும் மட்டும்தான் பேசினான். ‘நீதான் காரணம்’ என்று மாமியார் என்னை எடுத்தெறிந்து பேசினால், “மதினிய ஒண்ணும் சொல்லாதம்மா. ஆசப்பட்டது தப்பா?” என்பான். தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிடப் போனபோது என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். இவர் பையை மேலே ஏற்றிவைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார். பஸ் கிளம்பும்வரை நின்றார்.

பூங்காவனம்மா

ஆஸ்பத்திரிக்கு அலைந்த அத்தனை நாளும் செடிகளை நான் நினைக்கவே இல்லை. செந்தூரை ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் எண்ணெய் டின்னில் கீரை தளதளவென்று நின்றது. மிளகாய் பூத்திருந்தது.

பூங்காவனம்மா குடத்தோடு வந்தார். “நாந்தான் ஊத்திக்கினு இருந்தேன். அது இன்னா பண்ணுச்சு, பாவம்” என்றார்.

அடுத்த வாக்கியத்திலேயே சொன்னார்: “வூட்டைக் காலி பண்ணிடும்மா. போலீஸு வந்துட்டுப் போன வூடுன்னு பக்கத்து ரூமு பசங்கல்லாம் பயப்படுதுங்க. எனக்கு இந்த வாடகைதான் சோறு. நெலம் கூட இல்ல.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டையும் அவர் மனதாரத்தான் செய்தார்.

குன்றத்தூரில் ஒரு மாடி வீட்டுக்குப் போனோம். அங்கேதான் மகள் பிறந்தாள். அந்த வீட்டில் ஒரு துளசிகூட நான் வைக்கவில்லை. யாராவது தொட்டியோடு செடி கொடுத்தால் வாங்கிக் கீழ்வீட்டில் கொடுத்துவிடுவேன்.

இவருடைய வேலை நிலைத்தது. சூப்பர்வைசர் சொன்ன சொல் தவறவில்லை. ஓ.டி. பார்த்து, சீட்டுப் போட்டு, மணிமங்கலம் பக்கத்தில் ஒரு துண்டு மனை வாங்கினோம். இரண்டு அறை எழும்பியது. பின்பக்கம் வெறும் மண்.

ஒருநாள் லீவில் இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். படப்பை நர்சரியிலிருந்து கன்றுகள் வந்திறங்கின. முதலில் மருதாணி. பிறகு கறிவேப்பிலை, கனகாம்பரம், வெண்டை, கொத்தவரை, பாகல், அவரைக்குப் பந்தல். பிச்சிக்கொடியை எங்கே பிடித்தாரோ தெரியாது. அந்தத் தாள் எரிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கே பாதி மறந்திருந்தது. இவர் ஒன்றுவிடாமல் வைத்தார், தர்பூசணி தவிர. அதற்கான இடத்தைக் கொத்தி மட்டும் வைத்திருந்தார். ஒன்றும் போடவில்லை.

நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. கீரை வந்தால் கிள்ளி ஆக்குவேன். சாப்பிடுவோம். நல்ல ருசியாகத்தான் இருந்தது.

மாமியார் போனபோது

அடுத்த கோடையில் ஊரிலிருந்து செய்தி வந்தது. மாமியார் தூக்கத்திலேயே போய்விட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

செந்தூர் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி. தாடையில் தழும்பு இழுத்துப் பிடித்திருந்தது. என் குரலைக் கேட்டதும், “வாங்க மதினி” என்றான். மகளின் தலையைத் தடவிப் பார்த்தான். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

எங்கள் பக்கம் தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிதையைச் சுற்றி வரவேண்டும். பெரியவர்கள் கூடி நின்று சொன்னார்கள்:

“ஏ செந்தூரு, அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தி வந்துரு.”

“எனக்கு அண்ணன் கெடையாது” என்றான். சத்தம் போடவில்லை, ஆனால் தெருவுக்கே கேட்டது. “வேற ஆளு யாராவது வாங்க.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டு ராஜகனி என்பவர் முன்னால் வந்து செந்தூரின் கையைப் பிடித்தார். பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும். கூட்டத்தின் கடைசியில், மேலுக்குத் துண்டு மட்டும் போட்டுக்கொண்டு இவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் திரும்பினார்கள். இவர் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாற்று வேட்டியை எடுத்துக்கொண்டு போனேன். இடது தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்கா?” என்றேன்.

இல்லை என்று தலையசைத்தார். வேட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

“சுத்தி வரும்போது கட்டை சரிஞ்சிட்டு. தூக்கி வைக்க ராஜகனி அங்கிட்டுப் போயிட்டாரு. அவன் கொடத்தோட ஒத்தையில நின்னான். கைய நீட்டித் தேடுனான். நான் பக்கத்துல போயி நின்னேன். என் தோளப் பிடிச்சுக்கிட்டான்.”

“அப்புறம்?”

“மிச்சச் சுத்தையும் என்னைப் பிடிச்சுத்தான் வந்தான். கொள்ளி வைக்கும்போதும் விடல.”

“நீங்கன்னு தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியல. நான் வாயே தெறக்கல” என்றார். “பேசுனா கைய எடுத்துருவாம்லா.”